பரங்கிமலையிலிருந்து பாரன் தீவு வரை ஒரு கோடு: புவித்தட்டுகளைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

"கண்ட மேலோடு சியால் (சிலிக்காவும் அலுமினியமும்), கடலடி மேலோடு சிமா (சிலிக்காவும் மக்னீசியமும்)" என்று பள்ளியில் ஒரு வரி படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் உலகத்தில் என்னதான் நடக்கிறது என்பது பல வருடம் கழித்து, ஒரு கிரானைட் கடை வாசலில் கிடந்த இரண்டு துண்டுக் கற்களைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் கறுப்புத் துண்டு கையைக் கீழே இழுத்தது.

அந்தக் கனம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். கடல் ஏன் கடலாக இருக்கிறது, 2004இல் சுனாமி ஏன் வந்தது, இமயமலை ஏன் இவ்வளவு உயரம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்து தொடங்குகிறது. ஒரு சனி, ஞாயிறு போதும். இரண்டு கல், சமையலறை டிஜிட்டல் தராசு, அகலமான ஒரு பாத்திரம், கொஞ்சம் நூல், இணையம் உள்ள ஒரு கணினி, ஒரு நோட்டு. இவ்வளவுதான் தேவை.

முதல் படி: இரண்டு கற்களை எடை போடுங்கள்

கிரானைட், மார்பிள் விற்கும் கடைகளில் அறுத்த மிச்சத் துண்டுகள் ஓரமாகக் குவிந்து கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். உள்ளங்கை அளவில் இரண்டு வாங்குங்கள். ஒன்று வெளிர் நிறமாக இருக்கட்டும்: சாம்பல் அல்லது இளஞ்சிவப்பில், மணிமணியாக, கண்ணாடிபோலக் குவார்ட்ஸும் பால் நிறத்தில் ஃபெல்ட்ஸ்பாரும் தெரியும் கல். மற்றது, சமையல் மேடைக்குப் போடும் முழுக் கறுப்பு. கடைக்காரருக்கு இரண்டுமே கிரானைட்தான். புவியியலில் வெளிர் கல் மட்டும்தான் கிரானைட் வகை. கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ, அதாவது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் பசால்ட்டின் நெருங்கிய சொந்தம்.

இப்போது அடர்த்தியை அளக்கலாம். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது. நூலை நீங்கள்தான் பிடித்திருக்க வேண்டும். தராசு இப்போது காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். உதாரணமாக, 530 கிராம் கல் 200 கிராம் என்று காட்டினால் 2.65. கறுப்புக் கல் 600 கிராம் இருந்து, அதுவும் 200 காட்டினால் 3.0.

உங்களுக்கும் இந்த எண்களுக்குப் பக்கத்தில்தான் வரும். வெளிர் கிரானைட் 2.65ஐ ஒட்டியும், கறுப்பு 2.9க்கும் 3.0க்கும் இடையிலும் நிற்கும். வராவிட்டால் கல் அடியில் தட்டியிருக்கும், இன்னொரு முறை செய்யுங்கள். காரணம் கல்லின் சேர்மானம். கிரானைட்டில் சிலிக்கா ஏறத்தாழ 70 சதவீதம். பசால்ட் வகையில் 50 சதவீதம்தான், அதற்குப் பதில் இரும்பும் மக்னீசியமும் அதிகம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வாங்கிய கறுப்புக் கல் கடலடியிலிருந்து எடுத்தது இல்லை. தமிழ்நாட்டில் கிடைப்பது, பழைய கண்டத்தின் விரிசல்களுக்குள் பாறைக்குழம்பு ஏறி உறைந்த கல். ஆனால் சேர்மானத்தில் கடலடிக் கல்லுக்கு அது நல்ல மாதிரி. கடலடி மேலோட்டை மேலிருந்து வெட்டிப் பார்த்தால் முதலில் வண்டல், அப்புறம் தண்ணீரில் பீறிட்டுத் தலையணை வடிவில் உறைந்த பசால்ட், அதற்குக் கீழே நெட்டுக்குத்தான டோலரைட் சுவர்கள், அடியில் மெதுவாக ஆறிய காப்ரோ. சேர்மானம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆறிய வேகம்தான் வேறு.

அடர்த்தி பாதிக் கதை. மீதிப் பாதி தடிமன். பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குக் குறையாகவே படும். கண்ட மேலோடு சராசரியாக 35 முதல் 40 கி.மீ. தடிமன், திபெத்தில் 70 கி.மீ. வரை போகும். கடலடி மேலோடு 7 கி.மீ. அளவுதான். இரண்டுக்கும் அடியில் இருக்கும் தடித்த பாறை அடுக்கைக் கவசம் என்பார்கள், அதன் அடர்த்தி சுமார் 3.3. அதனால் இரண்டுமே அதன் மேல் மிதக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வாளித் தண்ணீரில் தடித்த மரக்கட்டையையும் மெல்லிய பலகையையும் போட்டுப் பாருங்கள். தடித்த கட்டை தண்ணீருக்கு மேலே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும், கீழேயும் அதிக ஆழம் இறங்கியிருக்கும். கண்டம் அந்தக் கட்டை. நிலப்பரப்பின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 840 மீட்டர். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். மெல்லிய, கனமான கல் தாழ்ந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: மூன்று தவறான எண்ணங்களைக் கழித்துவிடுங்கள்

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

தட்டும் மேலோடும் ஒன்றல்ல. மேலோடும், அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் கவசத்தின் விறைப்பான மேற்பகுதியும் சேர்ந்ததுதான் தட்டு. பல இடங்களில் சுமார் 100 கி.மீ. தடிமன், பழைய கண்டங்களுக்கு அடியில் இன்னும் அதிகம். ஒரே தட்டின் மேல் இரண்டு வகை மேலோடும் இருக்கலாம். இந்தியத் தட்டில் நம் நிலமும் உண்டு, வங்கக்கடலின் பெரும்பகுதியும் அரபிக்கடலில் ஒரு பெரும்பங்கும் உண்டு. "கண்டத் தட்டு", "கடல் தட்டு" என்று உலகத்தை இரண்டாகப் பிரிப்பது இந்த இடத்தில்தான் தடுமாறும்.

கவசம் திரவம் அல்ல. அது கெட்டியான கல். ஆனால் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும், பல லட்சம் ஆண்டுக் கணக்கில் மெல்ல நெளிந்து நகரக்கூடிய கல். தட்டுகள் நெருப்புக் குழம்பின் மேல் மிதப்பதாக வரையும் படங்களை மறந்துவிடுங்கள்.

கடற்கரை கண்டத்தின் விளிம்பு அல்ல. இது மூன்றிலும் முக்கியம். கரையைத் தாண்டியும் கண்ட மேலோடு தண்ணீருக்கு அடியில் தொடரும். அதைத்தான் கண்டத்திட்டு என்கிறோம். பாக் நீரிணையின் ஆழம் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர்தான். இந்தியாவும் இலங்கையும் ஒரே கண்டத் துண்டு, நடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது அங்கே நிலம்தான் இருந்தது. எதிர்ப்பக்க உதாரணம் அரியலூர். சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் வருகின்றன. அதற்காக அரியலூரைக் கடலடி மேலோடு என்று சொல்ல முடியாது. கண்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஆழமில்லாத கடல் ஏறி நின்று, பிறகு வடிந்த இடம் அது. மேலே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அடியில் எந்தக் கல் என்று பாருங்கள்.

மூன்றாம் படி: கோட்டைப் போடுங்கள்

கூகுள் எர்த்தைத் திறந்து, சென்னை பரங்கிமலையிலிருந்து அந்தமானின் பாரன் தீவு வரை ஒரு கோடு இழுங்கள். ஏறத்தாழ 1,480 கி.மீ. வரும், கிட்டத்தட்ட நேர் கிழக்கு. ஆழத்தைக் குறுக்குவெட்டாகப் பார்க்க விரும்பினால், அமெரிக்காவின் லமாண்ட்-டோஹர்ட்டி ஆய்வகம் இலவசமாகத் தரும் ஜியோமேப்ஆப் என்ற மென்பொருளில் கோடு போட்டவுடன் படமே வரைந்து தரும். இந்தக் கோட்டை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தட்டியலில் ஒரு புதியவர் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி இந்த ஒரே கோட்டில் வரிசையாகக் கிடக்கிறது.

தொடக்கம் பரங்கிமலை. அங்கேயும் பல்லாவரத்திலும் கிடைக்கும் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். கண்ட மேலோட்டின் ஆழத்தில், மிகுந்த சூட்டில் வெந்து உருவான பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையைத் தாண்டுங்கள். சில பத்து கி.மீ. வரை கடல் ஆழமில்லாமல் இருக்கும். சுமார் 200 மீட்டர் ஆழம் வந்ததும் தரை சட்டென்று சரியத் தொடங்கும். அந்தச் சரிவுக்கு அடியில் எங்கோதான் கண்டம் மெலிந்து முடிகிறது, கடலடி மேலோடு தொடங்குகிறது. அது ஒரே கோடாக இருக்காது. இழுபட்டு, கிழிந்து, குழம்பு ஏறிய ஒரு பட்டையாக இருக்கும். ஏன் கிழிந்தது? இந்தக் கிழக்குக் கரை ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுக்கு முன் பிளவு விழுந்து, இடையில் புதுக் கடல்தரை பிறந்து, இரண்டும் விலகின. ஆக, மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கல் 250 கோடி வயது, கண்ணுக்கு எதிரே ஆழ்கடலின் அடியில் இருக்கும் கல் 13 கோடிக்கும் குறைவு. எனக்கு இது இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தட்டு ஒன்றுதான். கண்டமும் கடல்தரையும் ஒட்டியபடியே சேர்ந்து நகர்கின்றன. அதனால்தான் இந்தக் கரையில் எரிமலை இல்லை, பெரிய நிலநடுக்கமும் அரிது. இரண்டு மேலோடு சந்திக்கும் இடம் எல்லாம் தட்டின் எல்லை ஆகிவிடாது.

ஆழ்கடலுக்குப் போனால் தரை மட்டமாக, சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும். இவ்வளவு பழைய கடல்தரை உண்மையில் 5,000 மீட்டருக்கும் கீழே போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் கங்கையும் பிரம்மபுத்திராவும். இமயத்திலிருந்து அவை கொண்டுவந்து கொட்டிய வண்டல் வங்கக்கடலின் வடக்கில் 15 கி.மீ.க்கும் மேல் தடிமனாகக் கிடக்கிறது. தெற்கே இலங்கையைத் தாண்டி, சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறிபோல விரிந்திருக்கிறது. நம் கோட்டில் பல கி.மீ. வண்டலுக்கு அடியில்தான் பசால்ட் இருக்கிறது. தொண்ணூறு பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி ஒரு நீண்ட எரிமலைத் தொடரும் இதே வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் தெற்குப் பகுதி கூகுள் எர்த்தில் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராகத் தெரியும்.

அப்புறம் வருவதுதான் உண்மையான எல்லை. அந்தமானுக்குச் சற்று மேற்கே, இந்தியத் தட்டின் கடலடி மேலோடு கிழக்குப் பக்கம் மடங்கி உள்ளே இறங்குகிறது. இப்படி இறங்கும் இடத்தில் கடல்தரையில் விழும் நீண்ட பள்ளம், ஜாவாவுக்குத் தெற்கே 7,000 மீட்டருக்கும் மேல் ஆழம். அந்தமான் பக்கம் வண்டல் நிரம்பிவிட்டதால் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. ஏன் இறங்குகிறது? பிறக்கும்போது சூடாக, லேசாக இருந்த கடல்தரை, கோடிக்கணக்கான ஆண்டு ஆறி, அடியில் ஒட்டிய குளிர்ந்த கவசத்தோடு சேர்ந்து கனத்துவிட்டது. ஒருமுறை இறங்கத் தொடங்கினால் அழுத்தத்தில் அந்தப் பசால்ட் எக்லோகைட் என்ற இன்னும் அடர்ந்த கல்லாக மாறும். அதன் அடர்த்தி சுற்றியுள்ள கவசத்தையே மிஞ்சும். மேசையிலிருந்து பாதி நழுவிய போர்வை மீதியையும் இழுத்துக்கொண்டு போவது மாதிரி, இறங்கிய பகுதி பின்னால் வரும் தட்டை இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இதுதான் பெரியது என்று கருதப்படுகிறது. நீங்கள் தராசில் பார்த்த அந்த வித்தியாசம் இங்கேதான் வேலை செய்கிறது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கல்லால்தான் இப்படிக் கனக்க முடியும், கிரானைட்டால் முடியாது.

அந்தமான் தீவுகள், இறங்கும் தட்டின் மேலிருந்து வழித்தெடுத்த வண்டல், சிக்கிக்கொண்ட பழைய கடலடிக் கல்துண்டுகள் ஆகியவை குவிந்து எழுந்தவை. ஓபியோலைட் என்று சொல்லப்படும் அந்தத் துண்டுகள் இருப்பதால், கடலுக்கு அடியில் போகாமலே கடலடி மேலோட்டைக் கையால் தொடக்கூடிய சில இடங்களில் அந்தமானும் ஒன்று.

கோட்டின் முடிவு பாரன் தீவு. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி வெடித்தது. தட்டுகள் உராய்ந்து சூடாகி உருகுவதால் எரிமலை வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இறங்கும் கடல்தரை தன் தாதுக்களுக்குள் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்தத் தண்ணீர் வெளியேறி மேலே உள்ள கவசத்தில் ஏறுகிறது. தண்ணீர் சேர்ந்த கல் குறைந்த சூட்டிலேயே உருகும். குல்பி வண்டியில் ஐஸோடு உப்பைக் கலப்பார்கள் இல்லையா, உப்பு சேர்ந்த ஐஸ் குளிரிலேயே உருகும், அந்த மாதிரிதான்.

கோட்டை இன்னும் கொஞ்சம் கிழக்கே நீட்டினால் அந்தமான் கடலின் நடுவே தட்டுகள் விலகும் ஒரு இடம் வரும். அங்கே சுமார் 40 லட்சம் ஆண்டாகப் புதுக் கடல்தரை உருவாகிவருகிறது.

நான்காம் படி: நிலநடுக்கங்களின் ஆழத்தைப் பாருங்கள்

அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தின் தளத்தில் நிலநடுக்கத் தேடல் பக்கம் இருக்கிறது. அளவு 4.5க்கு மேல், 2000ஆம் ஆண்டிலிருந்து இன்று வரை, நம் கோட்டைச் சுற்றி ஒரு கட்டம் என்று கொடுங்கள். புள்ளிகள் வரும். ஒவ்வொன்றையும் தட்டினால் ஆழம் காட்டும். மேற்கிலிருந்து கிழக்காக ஒரு இருபது புள்ளியின் ஆழத்தை நோட்டில் குறியுங்கள். அந்தமானுக்கு மேற்கே ஆழம் குறைவு. கிழக்கே போகப் போகக் கூடி, எரிமலைப் பக்கம் 100 கி.மீ.யைத் தாண்டும். இறங்கும் தட்டை நீங்களே வரைந்துவிட்டீர்கள். டோங்கா, பிஜி பக்கம் இதையே செய்தால் 600 கி.மீ.க்கு மேலும் வரும்.

சரியாக 10 கி.மீ., 33 கி.மீ. அல்லது 35 கி.மீ. என்று நிறையப் புள்ளிகள் வந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாதபோது போடப்படும் எண்கள் அவை. இதை யாரும் சொல்லித் தராததால் நான் ஒரு மாலைப்பொழுது முழுக்க, ஏன் இத்தனை நடுக்கம் ஒரே ஆழத்தில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே பட்டியலில் இரண்டு பெரிய புள்ளிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 2004 டிசம்பர் 26: அளவு 9.1. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு எல்லை நழுவியது. மேல்தட்டின் விளிம்பு பல மீட்டர் எகிறி, தனக்கு மேலே நின்ற கடலையே தூக்கிவிட்டது. அந்த அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கரைக்கு வந்தது. வடக்கு அந்தமானில் பவளப்பாறைகள் கடலுக்கு வெளியே எழும்பின. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. மற்றது 2012 ஏப்ரல் 11: அளவு 8.6. சென்னையிலும் ஆட்டம் தெரிந்து மக்கள் கட்டடங்களைவிட்டு வெளியே வந்தார்கள். எச்சரிக்கையும் வந்தது, ஆனால் பெரிய அலை வரவில்லை. அந்த நடுக்கம் எல்லையில் நடக்கவில்லை. எல்லைக்கு மேற்கே, கடலடித் தட்டுக்குள்ளேயே பாறைகள் பக்கவாட்டில் நழுவின. தரை மேலும் கீழும் அதிகம் போகாததால் தண்ணீர் எழும்பவில்லை. நழுவும் திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: வயதைப் பாருங்கள்

ஜியோமேப்ஆப்பில் கடல்தரை வயது என்ற அடுக்கைப் போட்டால் உலகக் கடல்கள் வண்ணப் பட்டைகளாகத் தெரியும். தட்டுகள் விலகிப் புதுத் தரை பிறக்கும் கடல் நடு மலைத் தொடர்களில் இளமை, விலக விலக முதுமை. மேற்குப் பசிபிக்கின் மிகப் பழைய தரையே 18 கோடி ஆண்டு அளவுதான். அதைவிடப் பழையது ஏறக்குறைய எல்லாமே உள்ளே போய்விட்டது. கண்டம் மூழ்காது, அதனால் சேர்த்து வைக்கிறது: கனடாவின் அகாஸ்டா பாறை 400 கோடி ஆண்டு.

இந்தப் பட்டைகளைப் படிக்கும் வழி நம் பக்கத்துக் கடலிலிருந்து கிடைத்தது. 1963இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் அரபிக்கடலுக்குத் தெற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் தொடரின் காந்த அளவீடுகளை வைத்து ஒன்றைச் சொன்னார்கள்: உறையும் பசால்ட் அந்தக் காலத்துப் புவிகாந்தத்தின் திசையைப் பதிந்துகொள்கிறது, காந்தம் தலைகீழாகும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை மாறுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெகெனர் 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது எப்படி நகர்கின்றன என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் கடலடியில் இருந்தது.

குமரிக்கண்டம் பற்றி இந்த இடத்தில் கேள்வி வரும், வர வேண்டும். அதோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் ஒரே மாதிரி விலங்குகள் இருப்பதை விளக்க, நடுவே ஒரு கண்டம் மூழ்கியதாக அவர் எண்ணினார். தட்டுகள் நகர்ந்ததே அதை விளக்கிவிடுகிறது. கிரானைட் கண்டம் கவசத்துக்குள் அமிழாது. நியூசிலாந்தைச் சுற்றியுள்ள சீலாந்தியாபோல இழுபட்டு மெலிந்து தண்ணீருக்கு அடியில் போனாலும், அது கண்டம்தான் என்று அடையாளம் தெரியும். குமரிக்குத் தெற்கே ஆஸ்திரேலியா வரை விரிந்த கடலின் பெரும்பரப்பில் இருப்பது பட்டை பட்டையாக வயது தெரிந்த பசால்ட் தரை. அதே நேரம், பனியுகத்துக்குப் பின் 120 மீட்டர் ஏறிய கடல் நம் கரையோர நிலத்தை விழுங்கியது உண்மை. பழைய இலக்கியம் பேசும் கடல்கோளை அந்த அளவிலும், சுனாமியின் அளவிலும் யோசிப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஆறாம் படி: இன்னொரு கோடு, இந்த முறை நீங்களே

டில்லியிலிருந்து லாசாவுக்கு ஒரு கோடு போடுங்கள். அதே தேடல், அதே நோட்டு. முன்பு செய்ததோடு ஒப்பிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். பள்ளம் இல்லை. எரிமலை வரிசை இல்லை. நடுக்கங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தைக் குலைத்த 7.8உம் அப்படித்தான். இரண்டு பக்கமும் கண்ட மேலோடு, இரண்டுமே லேசு, எதுவும் கவசத்துக்குள் ஆழமாக அமிழ மறுக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் நடுவில் இருந்த கடலின் தரை முழுவதும் உள்ளே போய் முடிந்ததும், இந்த இரண்டும் முட்டி, மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இன்றும் ஆண்டுக்கு 4, 5 செ.மீ. நெருக்கிக்கொண்டே இருக்கின்றன. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்.

அது முடிந்ததும் விலகும் எல்லைக்கு ஐஸ்லாந்தின் குறுக்கே ஒன்று, பக்கவாட்டில் நகரும் எல்லைக்குக் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே ஒன்று. இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் நோட்டில் நாலு விஷயம் எழுதுங்கள்: இரு பக்கமும் எந்த மேலோடு, தரையின் ஆழம் அல்லது உயரம், நடுக்கங்களின் ஆழம், எரிமலை உண்டா இல்லையா. பத்துக் கோடு போட்டபின், பெயர் மறைத்த ஒரு குறுக்குவெட்டை யாராவது காட்டினால் அது எந்த வகை எல்லை என்று உங்களால் சொல்ல முடியும். நண்பர் ஒருவரோடு மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.